உப்பு போட்ட ஐஸ்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஒரு நிலையத்தில் ஐந்து வருடம் இருந்தேன். இப்போது படாளம் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். சுற்றிலும் நெல் வயல். ஆனாலும் புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியைத் திறக்கும்போது மூக்கு தானாக மீன் வாசத்தைத் தேடுகிறது.

1. பெட்டி

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஐ.எல்.ஆர். என்னும் தடுப்பூசிக் குளிர்பெட்டியிலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்து, செவிலியர் ஊருக்குக் கொண்டுபோகும் கைப்பெட்டியில் அடுக்கித் தருவது என் வேலை. அதில் நான்கு ஐஸ் பேக் வைக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே வைக்கக் கூடாது. வெளியே கொஞ்ச நேரம் விட்டு, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். ஏனென்றால் குழந்தைகளுக்குத் தொடையில் போடும் பென்டா ஊசி மருந்து சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும்.

இதையெல்லாம் பதினொரு வரியில் எழுதி ஐ.எல்.ஆருக்கு மேலே ஒட்டியிருந்தேன். வாரம் தவறாமல் பதினொன்றுக்கும் டிக் விழும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

2. அஞ்சலை அக்கா

எங்கள் எல்லையில் ஒரு மீனவர் குப்பம். நான் சேர்வதற்கு முன்பு அங்கே ஒரு குழந்தைக்கு ஊசி போட்டபின் காய்ச்சல் வந்து, அதன் பிறகு யாரும் வருவதில்லை. கிராம செவிலியர் செல்வி அக்கா அங்கன்வாடியில் தனியாக உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்.

அதை மாற்றியவர் அஞ்சலை அக்கா. கரையில் மீன் எடுத்து ஷேர் ஆட்டோவில் திருப்போரூருக்குக் கொண்டுபோய் விற்பவர். தங்கையின் குழந்தைக்கு முதலில் ஊசி போடவைத்து, அதைத் தூக்கிக்கொண்டே வீடு வீடாகப் போனார். "எந்தங்கச்சி புள்ளைக்கே போட்டாச்சி. உன் புள்ளைக்கு இன்னா கேடு?" என்று கேட்டாராம். மறுவாரம் அங்கன்வாடி நிறைந்தது. மருந்தை நம்பி யாரும் வரவில்லை, அவர் பேச்சை நம்பி வந்தார்கள்.

ஒருநாள் அவரிடம், "இந்த மருந்து சூடு பட்டா வீணாயிடும்க்கா" என்றேன். "அப்போ மீனு மாதிரி" என்றார். "ஆமாக்கா, மீன் மாதிரியேதான்" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

3. செதில்

கத்திரி வெயில். செல்வி அக்கா பெட்டியை அங்கன்வாடியில் வைத்துவிட்டு, தாய்மார்களைக் கூப்பிடத் தெருவுக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்து நான்கு குழந்தைகளுக்குப் பென்டா போட்டு முடித்திருந்தபோது, மேற்பார்வைக்காக நான் போய்ச் சேர்ந்தேன். பெட்டியைத் திறந்தேன். குப்பிகள் இருந்த பிளாஸ்டிக் உறையின்மேல் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

யார் திறந்தது என்று கேட்டேன். வாசலில் நின்றிருந்த அஞ்சலை அக்கா சந்தோஷமாக முன்னே வந்தார்.

"நான்தான் மேடம். ஆட்டிப் பாத்தேன், உள்ள தண்ணி சலசலங்குது. ஐஸ் உருகிப்பூடுச்சேன்னு நம்ம மீன் பொட்டிலேர்ந்து அள்ளிப் போட்டேன். உப்பு போட்ட ஐஸ், சீக்கிரம் உருகாது. அப்பறம் ஆட்டோ வந்துச்சு, மீனுக்கு வேணும்னு திரும்ப அள்ளிக்கினேன். மீனுக்கே அப்டி பாக்கறோம், புள்ளைங்க மருந்துக்குப் பாக்க மாட்டோமா?"

உப்பு சேர்ந்த ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிர்ச்சி அதிகம். மருந்தை உறையவைக்க அது போதும். பெட்டியை மூடினேன். மீதிக் குழந்தைகளை அடுத்த வாரம் வரச் சொன்னோம்.

4. இரண்டு குப்பிகள்

நிலையத்துக்கு வந்ததும், அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே ஃப்ரீசரில் உறையவைத்தேன். மறுநாள் காலை அது இளகியதும், அதையும் பெட்டியிலிருந்து வந்த குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேசைமேல் வைத்தேன். நல்ல மருந்து வெகுநேரம் கலங்கலாகவே நிற்கும். உறைந்து கெட்டது சீக்கிரம் அடியில் படியும். இரண்டும் ஒரே மாதிரி படிந்தன.

டாக்டர் மேடம் நான்கு குழந்தைகளையும் விசாரிக்கச் சொன்னார். யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் பாதுகாப்பும் இல்லை, திரும்பப் போட்டாக வேண்டும்.

"எக்ஸ்ட்ரா டோஸ்னு சொல்லிப் போட்டுடலாமே. எதுக்கு ஊரைக் கலக்கணும்?" என்றார் டாக்டர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெறிச்சோடிய அங்கன்வாடி அவருக்கும் நினைவிருந்தது. எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

செல்வி அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐஸ் போட்டத அஞ்சல ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருப்பா மேடம். நாம மறைச்சா அவ வாயாலயே வெளிய வரும். அப்பறம் அவளையும் நம்ப மாட்டாங்க, நம்மளையும் நம்ப மாட்டாங்க."

5. எறா

கரையில் அஞ்சலை அக்கா எறா, அதாவது இறால், பிரித்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னோடதுக்கா. சூடு ஆகாதுன்னு சொன்னேன், உறையவும் கூடாதுன்னு சொல்லல. மீன் மாதிரியான்னு நீங்க கேட்டப்ப ஆமான்னுட்டேன்" என்றேன். நான்கு குழந்தைகளைப் பற்றியும் சொன்னேன்.

அவர் கை ஐஸுக்குள்ளேயே நின்றது. பிறகு, "அப்போ எறா மாதிரின்னு சொல்லு" என்றார். "ஐஸு மேல வெச்சா நிக்கும். கல்லா ஒறஞ்சிட்டா, உருகினப்பறம் சக்கையாப் பூடும். பாக்க எறாதான், வாயில வெச்சா ஒண்ணும் இருக்காது."

எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு நான்கு வீட்டுக்கும் அவரே நடந்தார். எங்களைப் பேச விடவில்லை. "நான்தான் கெடுத்தேன்" என்று ஆரம்பித்து எறா கதையைச் சொன்னார். மூன்று வீட்டில் திட்டிவிட்டுச் சரி என்றார்கள். நான்காவது வீட்டு தேவி, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"நீ சொன்னேன்னுதானே புள்ளையத் தூக்கினு வந்தேன். இப்போ நீயே சக்கைன்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ?"

அஞ்சலை அக்கா வாசலிலிருந்து இறங்கி, கரைப் பக்கம் நடந்தார்.

6. குலுக்கிக் காட்டு

அடுத்த புதன் மூன்று பேர் வந்தார்கள். தேவி வரவில்லை. அதற்கடுத்த புதனும் அஞ்சலை அக்கா திருப்போரூருக்குப் போகாமல் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைசி ஆளாக தேவி வந்தாள். அவரைப் பார்க்காமலே உள்ளே போய், "மொதல்ல குலுக்கிக் காட்டு நர்சம்மா" என்றாள்.

செல்வி அக்கா குலுக்கினார். பால்போலக் கலங்கி நின்றது. தேவி உற்றுப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, நீயும் வந்து பாரு. அப்பறம் வூட்டாண்ட வந்து சக்கைன்னு சொல்லாத."

அஞ்சலை அக்கா எழுந்து வந்து பார்த்தார். "நல்லாதான் கீது" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் குப்பத்தில் ஒவ்வொரு தாயும் குலுக்கிக் காட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் உறையவைத்த இன்னொரு குப்பி இல்லாமல் வெறுமனே குலுக்கினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதை நான் சொல்லியும் பார்த்தேன். "பரவால்ல, காட்டு" என்றாள் தேவி.

என் பட்டியலில் பன்னிரண்டாவது வரி ஒன்று சேர்ந்தது: நீ சொன்னதைக் கேட்டவர் தன் தொழில் பேச்சில் திருப்பிச் சொன்னால், அது முழுக்கச் சரிதானா என்று பார்க்காமல் 'ஆமாம்' சொல்லாதே.

படாளத்தில் யாரும் கேட்பதில்லை. மேற்பார்வைக்குப் போகும் இடத்தில், முதல் குழந்தைக்கு முன்னால் குப்பியை நானே குலுக்கித் தாயிடம் நீட்டுகிறேன். எதற்கு என்று புரியாமல் என்னைப் பார்க்கிறார்கள். உட்கார்ந்து, சூடும் ஆகாது, உறையவும் கூடாது என்று இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.