சத்தம் நின்ற அறை

போன மாதம் மலையகத்தில் டயகம பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். மாணவர்களே நடத்தப்போகும் ஒரு வானொலி... திட்டம் போட உதவி வேண்டுமாம். நான் ஒரு காலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவன். அதனால் இப்படி அழைப்புகள் வரும். ஹட்டனில் பஸ் ஏறிப் போய், ஒரு பிளேன்டீ குடித்து, தெரிந்ததைச் சொல்லிவிட்டு வருவேன்.

மாணவர்கள் எட்டுப் பேர். நிலையத்துக்குப் பெயர் வைப்பதிலேயே ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். எந்த நிலையத்தில்தான் அது நடக்கவில்லை? ஆனால் அறை விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து. கல்லூரியின் பின்பக்கம், மலைச்சரிவை ஒட்டி ஒரு பழைய ஸ்டோர் ரூம். வாகனச் சத்தம் எட்டாத இடம். அதற்கு நேர் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயம், வரிசையாக ஆறு வீடுகள்.

"முதலில் வெறும் அறையைப் பதிவு செய்து கேளுங்கள். அதில் என்ன சத்தம் இருக்கிறதோ, அது உங்கள் எல்லா நிகழ்ச்சியிலும் இருக்கும்" என்றேன்.

பிரசாந்த் என்ற மாணவன் மைக்கைத் தரையில் வைத்தான். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். ஐந்து நிமிடம். பிறகு ஹெட்போனை மாட்டிக் கேட்டவன் முகம் மாறியது.

"சார், உள்ள தண்ணி ஓடுதுங்க."

வாங்கிக் கேட்டேன். ஓடியது. மெல்லிய, விடாத சத்தம். தரைக்கு அடியில் யாரோ வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பது போல.

தேடினோம். அந்தப் பக்கம் பைப் லைன் கிடையாது. மழைத்தண்ணீர் ஓடும் கானும் இல்லை. மூன்று நாளாக மழை, அந்தத் தண்ணீராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தோம். "பேயாக இருந்தால் அதற்கும் ஒரு நிகழ்ச்சி கொடுத்துவிடலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. எட்டுப் பேரில் ஒருத்தி, கீழே இருக்கிற லயத்துப் பிள்ளை அவள். பின்சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். மழை விட்டு நல்ல வெயில். அதே அறை, அதே ஐந்து நிமிடம்.

ஒன்றுமில்லை. சுத்தமான அமைதி.

"ரூம் கிளியர் சார்" என்றான் பிரசாந்த். எனக்கும் சந்தோஷம்தான். எதிரொலி வராமல் முட்டை அட்டைகளைச் சுவரில் எப்படி ஒட்டுவது என்று பேச ஆரம்பித்துவிட்டோம். தர்ஷினி ஹெட்போனைக் கேட்டு வாங்கினாள். முழுக்கக் கேட்டாள்.

"சார்... சத்தம் நின்னதுதான் பயமா இருக்கு."

"ஏம்மா?"

"காலையிலேருந்து எங்க பீலியிலயும், மலை ஊத்துத் தண்ணி வர்ற குழாயில, ஒண்ணும் வரலங்க. மழைக்கு மறுநாள் பீலி கொட்டோ கொட்டுன்னு கொட்டும். இன்னைக்குச் சொட்டுகூட இல்ல. அவ்வளவு தண்ணியும் எங்க சார் போச்சு?"

எட்டுப் பேரும் நானும் ஒரே நேரத்தில் அந்தப் பின்சுவரைப் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்று இன்றும் தெரியவில்லை.

"எங்க சித்தி இருந்த தோட்டத்துல இப்படித்தான் ஊத்து நின்னுச்சு. சாயந்தரம் மலையிலேருந்து மண்ணு சரிஞ்சு வந்துருச்சு" என்றாள். சித்தி என்ன ஆனார் என்று அவள் சொல்லவில்லை.

லயத்துக்கு இறங்கினோம். அவள் அப்பா செல்வராஜ் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரேடியோக்காரங்க சொன்னா மலை எறங்கிருமா?" என்றார்.

அவள் வாதாடவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டி முதல் நாள் பதிவைப் போட்டாள். பிறகு அன்றைய பதிவு. அவர் காத்திருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை.

"இது எந்த எடம்?"

"நம்ம வீட்டுக்கு மேலப்பா."

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். மாட்டை அவிழ்த்தார்.

மாடு போவதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் கிளம்பின. கொழுந்து எடுக்கப் போனவர்களுக்குப் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொன்னார்கள். பிரசாந்த் கிராம உத்தியோகத்தருக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் விளக்கினான். "உடனே எல்லோரையும் அங்கிருந்து வெளியேற்றுங்கள், நான் வருகிறேன்" என்றாராம். இரண்டு மணிக்குள் ஆறு குடும்பமும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரி மண்டபத்தில்.

மூன்று மணி. வெயில் அடிக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது — ஒரு மைக்கை நம்பி இத்தனை பேரை அலையவிட்டோமே?

"சோத்த எறக்கிட்டு வந்துர்றேன்" என்று ஓர் அம்மா எழுந்தார். தர்ஷினி வாசலில் குறுக்கே நின்றாள்.

"அரை மணி நேரம் இருங்கக்கா. சோறு கரிஞ்சா நான் ஆக்கித் தர்றேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்த அரை மணி நேரம் முடிவதற்குள் அது நடந்தது.

பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் தேயிலைச் செடிகள் நகர்ந்தன. நின்ற நிலையிலேயே, வரிசை கலையாமல், கீழே நடந்து வருவது போல. அந்த அம்மா தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டோர் ரூம் இல்லை. ஆறில் நான்கு வீடுகள் மண்ணுக்குள். ஆளுக்குச் சேதமில்லை.

குடும்பங்கள் இன்னும் மண்டபத்தில்தான் இருக்கின்றன. வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்... பார்ப்போம். வானொலிக் கூட்டம் இப்போது மாடிப்படிக்குக் கீழே நடக்கிறது.

இரண்டு பதிவுகளும் பிரசாந்திடம் பத்திரமாக இருக்கின்றன. தண்ணீர் ஓடும் பதிவை மாணவர்கள் கேட்கிறார்கள். மற்றதை, ஒன்றுமே இல்லாத அந்த ஐந்து நிமிடத்தை, ஒருவராலும் முழுதாகக் கேட்க முடியவில்லை. நானும் முயன்றேன். இரண்டாவது நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வீட்டில் குழாய் சொட்டுவது நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.