எண்ணெய் புகைந்த மாலை

ஒகினாவாவில் நான் குடியிருக்கும் வீட்டு அடுப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால், கத்திவிட்டுத் தானே அணைந்துகொள்ளும். வந்த புதிதில் அது கெட்டுவிட்டதென்று நினைத்து வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். என் அரைகுறை ஜப்பானிய மொழியில் "செத்துவிட்டது" என்றேனாம். யாரோ இறந்துவிட்டதாக எண்ணி அவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை எனக்கு. கூட வேலை செய்யும் ஹிகா-சான்தான் சாட்டா அண்டாகி செய்யக் கற்றுக்கொடுத்தார். மைதா, முட்டை, சர்க்கரை கலந்து பிசைந்து, உருட்டி, இளந்தீயில் பொரிக்கும் இனிப்பு. வெந்து மேலே வரும்போது உருண்டை பிளந்துகொள்ளும். "வராத்தா, வராத்தா" என்பார் ஹிகா-சான். என் காதில் அது 'வராதா?' என்று விழுந்தது. சிரித்துவிட்டது என்று பொருளாம். அந்தப் பிளவு இவர்களுக்குச் சிரிக்கும் வாய்.

போன வருடம் விடுமுறையில் திருத்தணிக்குப் போனபோது, நைனாவுக்கு அதைச் செய்துகொடுக்க ஆசைப்பட்டேன். அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா கீறேன்" என்பார். வெளிநாட்டில் இருக்கும் நாம் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தூங்கப் போகிறோம்.

அன்று மாலை இரண்டு ஈடு நன்றாகவே வந்தது. மூன்றாவதைப் போட்டதும் தூறல் விழுந்தது. எண்ணெயைப் பார்த்துக்கொள்ளும்படி நைனாவிடம் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்க ஓடினேன். இறங்கும்போதே கருகல் நெடி முகத்தில் அடித்தது. சமையலறை முழுக்கப் புகை. நைனா அடுப்பை ஒட்டி, கையில் கரண்டியோடு நின்றிருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வாணலியில் உருண்டைகள் கரியாகிக்கொண்டிருந்தன. பாய்ந்து அடுப்பை அணைத்தேன்.

"நைனா, கருகற வாசனை வரலியா?"

"என்னா வாசனை?"

ஆறியதும் கரியான ஓர் உருண்டையைக் கடித்து மென்று, நன்றாக இருக்கிறது என்றார்.

நான் வேலை செய்யும் இல்லத்தில் இப்படி வாசனை தெரியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர்களை விட்டு எதெது போனது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

புகையைக் கண்டு பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா வந்தார். என்னை வாசலுக்கு அழைத்துப் போய், சில வாரங்களுக்கு முன் காஸ் திறந்தபடி கிடந்ததையும், தானே வந்து மூடியதையும் சொன்னார்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்ட்டாரும்மா. நீ பயந்துகினு வேலைய உட்டுட்டு வந்துடுவியாம்."

காஸ் அடுப்பை எடுத்துவிட்டேன். சென்னையில் காட்டிய டாக்டர், நான் பயந்தது போலவே மறதி நோய் என்றார். என்னோடு வர நைனாவுக்கு விசா கிடைக்காது. கிடைத்தாலும் வரமாட்டேன் என்றார். நான் அங்கேயே தங்கிவிடுவதாகச் சொன்னதற்கு மட்டும் கோபப்பட்டார். எஸ்தர் அக்கா மூன்று வேளைச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்ட பிறகு விமானம் ஏறினேன். இங்கே யார் யாருடைய அப்பாக்களுக்கோ கஞ்சி ஊட்டுகிறேன்.

நேற்று மதிய இடைவேளையில் எஸ்தர் அக்கா கூப்பிட்டு, போனை நைனாவிடம் கொடுத்தார். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

இல்லத்தின் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. திருத்தணி என்றேன்.

"ஆங், நம்ம ஊருதான். இந்தப் பக்கம் வந்தா வூட்டுக்கு வாங்க."

"வரேங்க" என்றேன்.