தூள் டின்னில் வைத்த லென்ஸ்

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள், உள்ளே பூசணம் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று. நான் அதற்கு முன்னால் அதைக் காதோடு வைத்து, தூரம் சரிபார்க்கக் கையால் திருகுகிற வளையத்தை மெல்லச் சுற்றிப் பார்ப்பேன். கொழும்பில் எனக்கு ஒரு லென்ஸ் விற்றவர், "என்ன மிஸ், ரேடியோவா கேக்குறீங்க?" என்றார். சிரித்து வைத்தேன். ஒரு லென்ஸின் வயிற்றுக்குள் என்னவெல்லாம் போகக்கூடும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் நானே போட்டிருக்கிறேன்.

அப்போது நாங்கள் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா, அப்பா, நான். அம்மாவின் தம்பியான மாமா. அவர்கள் இருவருக்கும் இளையவளான சித்தி. பெற்றவர்கள் போன பிறகு சித்தியைப் படிக்க வைத்தது மாமாதான். வாரநாட்களில் அவருக்குப் பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டோகிராபர். காது குத்து, கலியாணம் எதுவானாலும் தன்னுடைய பழைய பிலிம் கெமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதை வாங்கிய புதிதில், "தம்பி கெமரா வாங்கியிருக்கான்" என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். தோட்டத்தில் வீட்டு அறைக்குக் காம்பரா என்று பெயர். காது மந்தமான பக்கத்து வீட்டு அக்கா, "ஒங்களுக்கு மட்டும் இன்னொரு காம்பரா எப்புடிக் கெடச்சிச்சி?" என்று கேட்டு, ஒரு வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கெமராவோடு வந்த லென்ஸ் அகலமானது. கலியாண வீட்டில் முப்பது பேரை ஒரே படத்தில் அடக்கிவிடும். ஒற்றை ஆளின் முகத்தை எடுக்க வேண்டுமென்றால்தான் தகராறு. கிட்டப் போக வேண்டும், கிட்டப் போனால் மூக்கு முந்திக்கொண்டு வந்து நிற்கும். மாமாவிடம் படம் எடுத்துக்கொண்ட தோட்டத்தார் எல்லாருக்கும் வஞ்சனையில்லாமல் பெரிய மூக்கு கிடைத்தது. யாரும் பெரிதாகக் கோபிக்கவில்லை.

சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் அது பெரிய விஷயமானது. ஹாலிஎலயில் சொந்தமாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். பெண்ணின் படம் கேட்டார்கள். மாமா தன் கையாலேயே எடுத்து அனுப்பினார். பத்தே நாளில், "வேற படம் இருந்தா குடுத்தனுப்புங்க" என்ற செய்தியோடு அது திரும்பி வந்தது. மாமா அன்று சாப்பிடவில்லை. தங்கச்சிக்கு நல்ல இடம் கைக்கு எட்டி வந்து, தன் படத்தாலேயே போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. சித்தியோ அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உயர்தரப் படிப்பு முடித்து, ஆசிரியர் நியமனத்துக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த காலம் அது. "நல்லாத்தானே இருக்கு, இதையே இன்னொரு தரம் அனுப்புங்க" என்று மாமாவைக் கிண்டல் செய்தாள். எனக்குத்தான் கவலை. கலியாணம் நடந்தால் புதுச் சட்டை உண்டு என்று அம்மா சொல்லியிருந்தாள்.

முகத்தை முகமாகவே எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும் என்று மாமா எங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு பண்டாரவளைக்குப் போனோம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற என்னையும் அவர் கூட்டிக்கொண்டு போனார் என்றால், சகுனத்துக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும். கைக்கடிகாரம், ரேடியோ, பழைய கெமரா எல்லாம் பழுது பார்க்கும் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. அவர் பஞ்சுக்குள்ளிருந்து ஒரு நீள லென்ஸை எடுத்து வைத்தார். திருகி மாட்டுகிற வகை, மாமாவின் கெமராவுக்குப் பொருந்தியது. மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் தகடுகள் பூனைக் கண் போலச் சுருங்கி விரிவதை எனக்குக் காட்டினார். வளையத்தைச் சுற்றினார். சத்தமே இல்லை, நெய்யில் சுற்றுவதுபோல் போனது. முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பிற்பாடு நடந்த அவர் கலியாணத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

"சாமான் சுத்தம் தம்பி. ஆனா ஒங்க பக்கம் பனி கூட. ஈரம் பட்டா உள்ளுக்குப் பூசணம் புடிச்சிரும். காஞ்ச எடமாப் பாத்து வைங்க" என்றார் நானா.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. திங்கள் விடியக்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாமா லென்ஸை அலுமாரியின் மேல்தட்டில் வைத்து, "பாப்பா, நீதான் பொறுப்பு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். வருகிற ஞாயிறு படம். அந்த வாரம் பார்த்து மழையும் பனியும் விட்டபாடில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, லென்ஸைத் திறந்து பூசணம் தேடுவேன். புதன்கிழமை பனி வாசலைத் தாண்டிக் காம்பராவுக்குள்ளேயே வந்துவிட்டது. அழுகிற நிலையில் சித்தியிடம் ஓடினேன். அவள் அடுப்படியில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காஞ்ச எடமா? நம்ம வீட்லயே காஞ்ச எடம் தூள் டின்னுதான்" என்றாள்.

இதில் யாரும் குறை சொல்ல முடியாது. தேயிலைத் தூள் அக்கம்பக்கத்து ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பால்குடியிலேயே தெரியும். தோட்டத்தில் மாதா மாதம் கொடுக்கிற தூளை அம்மா ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்திருந்தாள். சித்தியே அதை இறக்கிக்கொடுத்தாள். நான் லென்ஸை மூடிகளோடு வைக்கப் போனேன்.

"மூடியக் கழட்டிட்டு வைடி. மூடி இருந்தா உள்ள இருக்கிற ஈரம் எப்புடி வெளிய வரும்?" என்றாள். நியாயமாகப் பட்டது. "தெனமும் ஒரு தரம் எடுத்து நல்லாத் திருகிப் பாரு. இறுகிப் போயிறக் கூடாதில்ல" என்றும் சொன்னாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தூளுக்குள் கைவிட்டு, சொன்னபடியே முன்னும் பின்னுமாகத் திருகினேன். சனிக்கிழமை எடுத்துத் துடைத்து, மூடி போட்டு, அலுமாரியில் வைத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. என் பொறுப்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலை சித்தி மாம்பழ நிறச் சேலை கட்டி நின்றாள். மாமா லென்ஸை மாட்டி வளையத்தைத் திருகினார். கரகரவென்று அம்மியில் மிளகு அரைபடுகிற சத்தம். இன்னும் கொஞ்சம் திருகினார். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. முகர்ந்து பார்த்தார்.

"யாரு இதத் தூளுக்குள்ள போட்டது?"

மாமா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இன்றைக்கு அடிப்பார், அதில் தப்பும் இல்லை என்று நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"நான்தான் வச்சேன் அண்ணே."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்ச புள்ள நீ" என்று மட்டும் சொன்னார். "நல்ல நாளும் அதுவுமா விடு தம்பி" என்று அம்மா இடையில் வந்தாள். நான் சித்தியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இப்படி ஒரு ஆள் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். என்னிடம் இருந்த ஒரே டொபியைக் கடித்து, பெரிய பாதியை அவள் கையில் வைத்தேன். அவளும் வாங்கித் தின்றாள்.

மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை. வளையம் பதினைந்து அடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. "லென்ஸ் நகராட்டிப் போகுது, தங்கச்சி நகரட்டும்" என்றார். காம்பராச் சுவரில் முதுகைச் சாய்த்து அவர் நிற்க, மழைத்தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டி, தேயிலைச் செடி ஓரமாகச் சித்தி நின்றாள். "பின்னுக்குப் போ... இன்னும்... கொஞ்சம் முன்னுக்கு வா... அங்கயே நில்லு." அந்த இடத்தில் அவள் கால்விரலுக்கு நேராக ஒரு கல்லை வைக்கச் சொல்லி, அந்தக் கல்லுக்குக் காவலாக என்னைச் செடிக்குப் பக்கத்தில் குந்த வைத்தார். மூட்டத்தில் வெளிச்சம் போதாது, லென்ஸின் கண்ணை முழுக்கத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் அது ஒரு சாண் ஆழத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும், ஆள் அரை அடி நகர்ந்தாலும் கரைந்துவிடும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினார்.

மாமாவிடம் ஒரு பழக்கம். எல்லாம் சரி பார்த்துவிட்டு, கெமராவிலிருந்து தலையை நிமிர்த்தி, ஆளின் முகத்தைப் பார்த்து "சிரி" என்று சொல்லித்தான் பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு முறை அவர் தலையை நிமிர்த்தும்போதும் சித்தியின் கால் கல்லைத் தாண்டி ஓரடி முன்னால் வந்தது. அழுத்தி முடித்ததும் பழைய இடத்துக்குப் போய்விடும். சேலைக் கரை மறைத்ததால் எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. அட்டை கடிக்கிறதாக்கும், பாவம், காலை உதறுகிறாள் என்று நினைத்தேன். மாமாவிடம் சொல்லலாமா என்றும் தோன்றியது. எனக்காகப் பழியைத் தூக்கிச் சுமந்தவளைக் காட்டிக்கொடுப்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். பத்துப் படம் எடுத்தார்.

இரண்டு வாரத்தில் படங்கள் பதுளையிலிருந்து கழுவி வந்தன. பத்திலும் தேயிலைச் செடி கண்ணில் ஒற்றிக்கொள்கிறமாதிரி விழுந்திருந்தது. கொழுந்து கொழுந்தாக எண்ணலாம். அதன் முன்னால் மாம்பழ நிறத்தில் ஏதோ கரைந்து நின்றது. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்குப் பிரச்சின தீந்திருச்சி தம்பி, மூஞ்சியே இல்ல" என்றாள். ஹாலிஎலக்காரர்கள் அதற்குமேல் பொறுக்கவில்லை, வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். மாமா அடுத்த ஞாயிறு கெமராவைத் தொடவில்லை. எனக்கும் அழுகை, புதுச் சட்டைக்காக.

நானா லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். "என்ன தம்பி, இதுக்குள்ள தேத்தண்ணி ஊத்திக் குடிச்சீங்களா?" என்று கேட்டாராம். தீபாவளி கழிந்து சித்திக்கு நியமனக் கடிதம் வந்தது, அதுவும் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, நன்றாகக் குட்டவும் செய்தாள். சில வருடம் போய், கூடப் படிப்பித்த ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாமா அந்த லென்ஸிலேயே கலியாணப் படம் எடுத்தார். மூக்கு அளவாக இருந்தது.

சென்ற வருடம் அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தலைமை ஆசிரியையாகி, அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுவலகச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றாள். என் பழைய லென்ஸ்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அவளை நிறுத்தி, வளையத்தைத் திருகிக் கண் இமை தெளிவாக வந்ததும், "அசையாதீங்க சித்தி" என்றேன்.

"இங்கேருந்து எதுக்குடி நான் அசையப் போறேன்? அசைய வேண்டிய நாள்லயே அசைஞ்சாச்சி" என்றாள்.

கெமராவிலிருந்து தலையை எடுத்து அவளைப் பார்த்தேன். கூச்சமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் வச்சேன் அண்ணே" என்று அவள் சொன்னபோது, எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று உருகி என் டொபியில் பெரிய பாதியைக் கொடுத்தேனே, வைத்த கை என்னுடையதானாலும் அவள் சொன்னது முழு உண்மை என்பது எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.