அப்பா சாகாத கதை ஒன்று வேண்டும்

இன்று நாமக்கல் புத்தகக் கடையில், ஒன்பது வயது மகளுக்கு மாயாஜாலக் கதை தேடிக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் அண்ணனிடம் நானாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

டிராகன் படம் போட்ட தடிப் புத்தகத்தை நீட்டினேன்.

"இதுல அப்பா இருக்காருங்களா, சாமி?"

"முதல் அத்தியாயத்துலயே போய்ச் சேந்துருவாருங்ண்ணா."

"அப்ப வேண்டாம். நான் லாரி எடுத்துட்டு லைனுக்குப் போனாலே பாப்பா ரெண்டு நாளைக்குச் சரியாச் சாப்பிட மாட்டா."

அடுத்த புத்தகத்தில் அப்பாவைக் கடல் கொண்டுபோகிறது. அதற்கடுத்ததில் சூனியக்காரி. நான் உயிரைக் கொடுத்துப் படித்த கதைகளில் எல்லாம் அப்பாக்களும் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். இன்றுதான் கவனித்தேன்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. "இதுல அப்பா ஆந்தையாயிருவாருங்ண்ணா. ஆனா உசுரோட இருப்பாரு."

"ஊட்டுக்கு வந்துருவாருங்களா?"

கதை முடிவைப் போட்டு உடைப்பதில் நான் பேர்போனவன். இவ்வளவு சந்தோஷமாக உடைத்ததில்லை.

"வந்துருவாருங்ண்ணா."

"ஆந்தையாவே வந்தாலும் சரிங்க" என்று பில் போடப் போனார்.

நாளைக்குக் குஜராத் லோடாம். அடுத்த நடைக்கும் புத்தகம் வேண்டுமாம். அப்பா வீடு திரும்பும் கதை தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மாமா, சித்தப்பா சாவதில் ஆட்சேபணை இல்லையாம், கேட்டுவிட்டேன்.