அக்காவின் கோபம்

மாத்தளை ஆஸ்பத்திரியில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வாயில் ஒரு பல்லும் இல்லை. ஈறு வீங்கி ரத்தம் கசிந்த தங்கையை அழைத்து வந்திருந்தார்.

அவர்கள் உள்ளே போன பிறகும் டாக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. தங்கையைப் பார்த்த டாக்டர், "பல்லு நல்லாத்தான் இருக்கு. அடியில படிஞ்ச காரையைச் சுரண்டி எடுத்து, தினமும் நல்லா வெளக்கினா ஈறு ஆறிடும்" என்றார்.

அக்கா வெடித்தார். "எனக்கும் இதே ஈறு வருத்தந்தாங்க! சுரண்டிக்கிட்டு நிக்க நேரமில்லன்னு தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா அத்தனையும் பிடுங்கிட்டாரு. நாங்க மனுசங்க இல்லையா?"

டாக்டர் சுரண்டும் கருவியை எடுத்தார்.

"இவளுக்கு ஒரு பல்லுகூடப் போகக்கூடாது. சுரண்டுங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

முடியும்வரை அவர் உட்காரவேயில்லை. அந்தக் கோபத்தின்மேல் எனக்கு இன்றும் மரியாதை.