முழு சோப்பு

சிறைக்குள் வெளியிலிருந்து எதுவும் முழுசாக வராது. உள்ளே எதையாவது ஒளித்து அனுப்பியிருப்பார்கள் என்று காவலர்கள் பிஸ்கட்டை நொறுக்குவார்கள், சோப்பை இரண்டாக வெட்டுவார்கள். எங்கள் அறையில் எட்டுப் பேர். புழு மிதந்த சோற்றை எல்லோரும் சேர்ந்து மறுத்திருந்தோம். யார் ஆரம்பித்தது என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் என் மனைவி தாம்பரத்திலிருந்து சோப்பு வாங்கி வந்தாள். காவலர் அதை உறைகூடப் பிரிக்காமல், எல்லோர் எதிரிலும் என் கையில் கொடுத்தார்.

"இன்னாண்ணா, உனுக்கு மட்டும் முழுசா வந்துகீது?" என்றான் பக்கத்துப் பாய்க்காரன்.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்ற நினைப்பு அவர்களுக்கு அதில் இன்னும் உறுதியாகிவிட்டது. அதன்பின் நான் அருகில் போனாலே பேச்சு நின்றுவிடும். என் மனைவிதான் காவலரிடம் ஏதாவது பேசிவைத்தாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. சோப்பை நானே வெட்டி நீட்டினேன். ஒருவனும் தொடவில்லை.

அடுத்த வாரம் காவலரிடம் கெஞ்சினேன். "சார், என்னுதையும் வெட்டிக் குடுங்க சார்."

அவர் அந்தச் சோப்பையும் முழுசாகவே நீட்டினார்.

"எட்டு பேரும் ஒண்ணா குந்திகினு சோறு வேணாம்னீங்களே. இப்போ குந்துங்க, பாக்கலாம்."