எட்டுக் கால் வந்துச்சாட்டி?

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எஸ்தர் அக்காவின் தங்கை பேசினாள். "செல்விக்கா, எங்கக்கா போயிட்டா. விடியக்காலம் நெஞ்ச அடைக்குதுன்னா. தண்ணி கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு." வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. அலுப்பு என்று யாரிடம் சொல்லித் திட்டு வாங்குவேனோ அந்த ஆளே போய்விட்டார்.

மம்சாபுரத்து எஸ்தர் அக்காவை உங்களில் பலருக்கு மாட்டு டாக்டராகத்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அவர் குருவி பிடிக்கப் போனது உங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருந்திருக்கும். மலையடிவாரத் தோப்புகளில், முறைப்படி அனுமதி வாங்கி, அவரும் உதவிக்கு நானுமாக மெல்லிய வலை கட்டுவோம். தரையைக் கிளறி இரை தேடுகிற தவிட்டுக்குருவி, கவுதாரி மேலெல்லாம் உண்ணிக் குஞ்சுகள் தொற்றிக்கொள்ளும். கண்ணைச் சுற்றியும் காதோரமும் கசகசா மாதிரி ஒட்டியிருக்கும். அக்கா குருவியை இடது கையில் ஏந்தி, தலையிறகை மெல்ல ஊதி விலக்கி, இடுக்கியால் எடுப்பார். குருவி துவண்டால் போதும், பாதி உண்ணி மிச்சமிருந்தாலும் பறக்க விட்டுவிடுவார். வெயிலில் காத்துக் கிடந்து பிடித்த குருவியாயிற்றே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "போகட்டும்டி. நமக்காகச் சாகணும்னு அதுக்கென்ன தலையெழுத்து?" என்பார்.

சேத்தூரில் சுப்பையா அண்ணாச்சி தன் மாடுகளை மேய விடும் மாந்தோப்பில் இந்த ஆண்டு உண்ணிக்கடி பொறுக்க முடியவில்லை. காய் பறிக்க வந்த பெண்கள் காலெல்லாம் தடித்துப் போய், இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தோப்பை ஒட்டிய ஓடைப்புதர் முழுக்கத் தவிட்டுக்குருவிக் கூட்டம். "குருவிதான் உண்ணியக் கொண்டாருது. புதர எரிச்சா ரெண்டும் ஒழிஞ்சிரும்" என்று அண்ணாச்சி பிடிவாதமாக நின்றார். அக்கா அவரிடம் கெஞ்சவில்லை. "குருவி மேல இருக்கதும் ஒங்க ஆளுகளக் கடிக்கதும் ஒரே சாதியான்னு பாத்துச் சொல்லுதேன். அதுவரைக்கும் தீப்பெட்டிய எடுக்கப்பிடாது" என்றார். அண்ணாச்சியும் வாக்குக் கொடுத்தார்.

உண்ணிக் குஞ்சுக்கு முதலில் ஆறு கால்தான். வயிறு முட்ட ரத்தம் குடித்து, கீழே விழுந்து, சட்டை உரித்த பிறகுதான் எட்டாகும். கடிபட்ட பெண்களின் காலில் எடுத்தவை எட்டுக்கால் பருவத்தில் இருந்தன. குருவியிடம் கிடைத்தவையும் அந்தப் பருவத்துக்கு வந்தால்தான் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும். அதனால் வயிறு நிறைந்த குஞ்சுகளை ஈரம் காயாத கண்ணாடிக் குழாயில் போட்டு, என் ஸ்ரீவில்லிபுத்தூர் அறையில் வைத்தோம். தினமும் காலையில், நான் பல் விளக்கும் முன்னே, அக்காவின் போன் வரும்: "எட்டுக் கால் வந்துச்சாட்டி?" குழந்தை நடந்ததா என்று கேட்பதுபோல் இருக்கும். "ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்று வள்ளென்று விழுவேன்.

ஒரு நாள் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வெறுத்துப்போயிற்று. "எதுக்குக்கா இம்புட்டுப் பாடு? குருவி மேல ஒண்ணுமில்லன்னு சொல்லிருவோம். புதரும் பொழைக்கும், நாமளும் வீட்டப் பாத்துப் போவோம்" என்றேன். அக்கா கோபப்படவில்லை. அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "அலுப்புலதாண்டி முக்காவாசிப் பொய் பொறக்குது. அந்தப் பொய் வெளுத்த அன்னிக்குக் குருவியோட சேத்துப் புதர எரிப்பாவ. பொறவு நம்ம பேச்ச யாரு கேப்பா?" என்றார். சிறிது நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மிச்ச வலையையும் சுருட்டினோம்.

அடக்கத்துக்குப் போன இடத்தில் என் காதுபடவே பேசினார்கள்: "உண்ணி கடிச்சுல்லா செத்துப்போனாவளாம்." எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவருக்குப் பல வருஷமாக நெஞ்சுக்கோளாறு, பையில் மாத்திரை இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். கல்லறைத் தோட்டம் என்றும் பாராமல் கத்தினேன். ஆனால் பேச்சு எனக்கு முன்னால் சேத்தூர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரியும்.

மறுநாள் காலை குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுக் கால்கள். பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, கடித்த உண்ணியோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே சாதி. அண்ணாச்சி சொன்னது சரிதான். இதைப் போய் என் வாயால் சொல்ல வேண்டுமா என்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று ஒரு போனில் முடித்திருக்கலாம். பஸ் ஏறினேன்.

தோப்பு வாசலிலேயே அண்ணாச்சி நின்றார். "ஆமா அண்ணாச்சி. குருவியும் கொண்டாருது" என்றேன்.

"அப்ப எரிச்சுர வேண்டியதுதான?"

"பஸ்ஸுல வந்த களவாணிக்காக பஸ்ஸக் கொளுத்துவியளா? அக்காவா இருந்தா அப்பிடித்தான் கேப்பாவ. குருவி மேல வாரது குஞ்சு. அது வளந்து ஒங்க மாட்டு மேல ஏறி, ரத்தம் குடிச்சு, இங்கன விழுந்து முட்ட போடுது. மாட்டத் தோப்புக்குள்ள மேய விடாதிய. டாக்டரக் கூட்டியாந்து மருந்து போடுங்க."

அவர் ஓடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீங்க இல்லன்னு சொல்லிருந்தா பொய்யின்னு நெனச்சு இன்னைக்கே எரிச்சிருப்பேன். ஊரே உண்ணி கடிச்சுத்தான் டாக்டரம்மா போயிட்டாவன்னு பேசுது. எனக்கென்ன தெரியும்? ஆமான்னு சொல்லுதிய, அப்ப மத்ததும் நெசமாத்தான் இருக்கும். மாட்டக் கட்டிப் போடுதேன். புதர் நிக்கட்டும்" என்றார்.

புதருக்குள் தவிட்டுக்குருவிகள் வழக்கம்போல் கூச்சலிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அங்கே நின்றுதான் அழுதேன்.

அக்காவின் வலையும் இடுக்கியும் என் அறையில் இருக்கின்றன. வேலை செய்ய வருகிற யாரும் எடுத்துக்கொள்ளலாம். அலுப்பில் பொய் சொல்லாதே என்ற அந்த ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இன்னமும் காலையில் எழுந்ததும் கை போனைத்தான் தேடுகிறது. வந்துருச்சுக்கா. எட்டும் வந்துருச்சு.